மூன்றாவது இசைத்தட்டு

ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரங்கள் ஓடினால் பேச்சு காதில் விழாது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம்.

எனக்கும் சிவனுவுக்கும் மூன்று வருடமாக ஒரே சண்டை. நாங்கள் உயிரை விட்ட அந்தச் சைக்கடெலிக் ரொக் குழுவின் இசைத்தட்டுகளில் எது சிறந்தது?

“மொதத் தட்டுதான்டா,” என்றான் அவன்.

“மூணாவதக் கேட்டியா, இல்லியா?”

“கேட்டேன், கேட்டேன். வெறும் எரைச்சல். ஒனக்குக் காது இருந்தாத்தானே தெரியும்!”

கரண்ட் போனது. இயந்திரங்கள் நின்றன.

அவனுக்குப் பின்னால் கொழுந்தை அள்ளிக்கொண்டே, சலித்துப்போய்ச் சொன்னேன்: “சரி, ஒன் தட்டுதான் ஒசத்தி. விடு.”

அவன் திரும்பவில்லை. நிசப்தமான அறையில் கத்தினான்: “என்னடா, பதிலக் காணோம்?”

எதிரே போய் நின்றேன். சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தேன்: “ஒன் தட்டுதான்டா.”

“அப்பிடி வா வழிக்கு!” என்று சிரித்தான்.