சங்கு ஊதாத சாயங்காலம்

"உங்க மாமா விலை போயிட்டாருப்பா" என்று பெயின்டர் காதோரம் வந்து சொன்னபோது, லேத்துக்காரனுக்குச் சுருக்கென்றது.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். தொழிற்சங்கத்தின் பேச்சாளர். ஆலையில் சங்கு ஊதினால் ஆட்கள் உள்ளே போவார்கள். இவர் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் வெளியே வந்துவிடுவார்கள். அதனால் இவருக்கே 'சங்கு' என்று பட்டப்பெயர்.

"எதை வச்சுச் சொல்றே?"

"மத்தியானம் டீக்கடைப் பின்பக்கம், கம்பெனி செக்யூரிட்டி ஆபீசரோட குசுகுசுன்னு பேசிட்டிருந்தாரு. என் கண்ணால பார்த்தேன்."

"சும்மா ஏதாவது கேட்டிருப்பாரு" என்றான் லேத்துக்காரன். சொன்னானே தவிர, மனசு கேட்கவில்லை. அந்த ஆபீசரும் மாமாவும் எலியும் பூனையும். அவர்களுக்குள் என்ன ரகசியம்?

வேலையிலிருந்து தூக்கப்பட்டவர்களுக்காக ஆலை வாசலில் கூட்டம். சாலை கொள்ளாத ஜனம். அத்தனை பேருக்கும் வயிற்றெரிச்சல். சங்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட் இருந்த இடம் தெரியாது.

சங்கு மைக்கைப் பிடித்தார். இருமினார்.

"சைக்கிள் ஷெட்டுக்குக் கூரை போடுறது சம்பந்தமா முதல்ல ரெண்டு வார்த்தை..."

கூரைக்குப் பிறகு தண்ணீர்க் குழாய். அப்புறம் சங்கம் பிறந்த கதை, வளர்ந்த கதை. விதிமுறையை எடுத்து உட்பிரிவு உட்பிரிவாக வாசித்தார். ஒரே வழவழா கொழகொழா.

முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். பின்வரிசை கலைய ஆரம்பித்தது.

"பெட்டி கைமாறிடுச்சுய்யா. வா, வீட்டுக்குப் போவோம்."

லேத்துக்காரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் நன்றி சொல்லி முடித்தபோது, கேட்க மைக் செட்காரர் மட்டும்தான் மிச்சம்.

மேடையிலிருந்து இறங்கியவரை வழிமறித்தான்.

"அக்கா முகத்துக்காகப் பார்க்கிறேன், மாமா. எவ்வளவுக்கு வித்தீங்க?"

சங்கு கோபப்படவில்லை. "வா மாப்ள" என்று ஆலையை ஒட்டிய சந்துக்குள் கூட்டிப்போனார்.

கம்பெனி குடோன் ஷட்டர் பாதி திறந்திருந்தது. முன்பின் பார்த்திராத தடியர்கள், கையில் இரும்புக் குழாயோடு, வரிசையாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"எவனாவது ஒரு கல்லை விட்டெறிஞ்சிருந்தா, அதைச் சாக்கா வச்சுக் கூட்டத்துக்குள்ள பூந்து அடிச்சிருக்கலாம். அந்த ஆளு பேசியே தூங்க வச்சுட்டான்" என்று ஒருவன் அலுத்துக்கொண்டான்.

லேத்துக்காரன் மாமாவின் பக்கம் திரும்பினான்.

"ஆபீசர் சொன்னது... இதைத்தானா?"

"அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே."

"மேடையிலேயே சொல்லியிருக்கலாமே மாமா? இப்ப எல்லாரும் உங்களைத் துரோகிங்கிறாங்க."

சங்கு அவன் தோளில் கை போட்டு, சந்திலிருந்து வெளியே நடத்திக்கொண்டு வந்தார்.

"சொல்லியிருந்தா நீ வீட்டுக்கா போயிருப்பே? முதல் ஆளா அந்த ஷட்டரைத் தூக்கியிருப்பே."