லோரன்ஸ் வீட்டுப் பைன் கிளை

வியன்னாவை ஒட்டிய குன்றில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நான் ஓட்டும் குட்டி ரயிலுக்கு ஒரே விதிதான். எந்த வீட்டு வாசலில் பச்சைப் பைன் கிளை தொங்குகிறதோ, அங்கே புது ஒயின் கிடைக்கும். அங்கே நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்தாமல் போனால், அப்படி ஒயின் விற்ற லோரன்ஸ் கிழவர் சும்மா விடமாட்டார். பீப்பாய் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். "கிளையப் பாத்துட்டும் போறியா? இன்னொரு தடவ போய்ப் பாரு, நானே வந்து உன் வண்டியில ஏறிக்கறேன்!" பிப்ரவரியில் இறந்துபோனார். வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

இன்று மதியம் அந்த வாசலில் கிளை தொங்கியது.

"நிறுத்தலையா?" என்றாள் டிக்கெட் கொடுக்கும் ஹெர்மி.

"பூட்டியிருக்கு, கண்ணு தெரியலையா? எவனோ விளையாடறான்."

"அப்புறம் ஏன்டா உனக்கு இப்படி வேர்க்குது?"

நான் வேகத்தைக் கூட்டினேன். இரண்டாவது நடையிலும் நிறுத்தவில்லை. மூன்றாவது நடையில் பூட்டு அப்படியே இருந்தது, கிளையைக் காணோம்.

கீழே நிலையத்தில் எல்லாரும் இறங்கினார்கள். காலியான பிறகும் கடைசிப் பெட்டி மட்டும் இடது பக்கமாகச் சாய்ந்தே நின்றது. அதன் கூரை விளிம்பில் கிளை தொங்கியது. வெட்டிய இடத்தில் பிசின் இன்னும் காயவில்லை. அவிழ்க்கப் போனேன். கை வரவில்லை.

அதற்குள் அடுத்த நடைக்குக் காத்திருந்தவர்கள் கிளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அந்தப் பெட்டிக்கு ஓடினார்கள். இடது ஓரத்துக் காலி இருக்கைக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள்.

பெட்டி மெல்ல வலது பக்கம் சாய்ந்தது.