நம்ம ஆளு

“அத்தை, உங்களுக்கு வெள்ளையணு குடுத்தவங்க நம்ம ஆளா?” என்று அண்ணன் மகள் மகிழினி ஒருமுறை கேட்டாள்.

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். வெளிநாட்டு யோகம் என்று வீடே கொண்டாடிய அவளுடைய உள்ளங்கால் மச்சம் தோல் புற்றுநோயாக இருந்தது. “‘நான் நம்ம ஆளு’ன்னு சொல்லியே உங்க வெள்ளையணுக்களை ஏமாத்தியிருக்கும்மா,” என்றார் டாக்டர். ஏமாறாத அணுக்களை முகம் தெரியாத ஒருவர் கொடுத்ததால்தான் பிழைத்தாள்.

“தெரியலடி. அந்தச் சொல்லை நம்பித்தான் என் உடம்பே மோசம் போச்சு!”

வந்த அணுக்களிடம் கற்றுக்கொண்டு, இப்போது அவளுடைய அணுக்களும் ஏமாறுவதில்லை; இனி அவளும் பிறருக்குக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கென்று கிளம்பியவள், வழியில் வெள்ளையணு தான நிலையத்துக்குள் நுழைந்தாள். “உங்கள் சமூகத்தினருக்கு மட்டுமா, யாருக்கு வேண்டுமானாலுமா?” என்று திரை கேட்டது. அறையில் வேறு ஒருவருமில்லை. இரண்டாவதைத் தொட்டாள்.

“யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும், முருகா,” என்றபடி கையை நீட்டினாள்.