பொத்தல் விழுந்த தரை

முதல்முறையாக வெல்டிங் வைக்கும் எழிலரசன் பழைய அம்பாசிடருக்குள் குந்தியிருக்கிறான். துரு தின்ற தரையில் புதுத் தகட்டை ஒட்ட வேண்டும். வண்டிக்கு அடியில், தீப்பிடித்தால் அணைக்க, ஈரச் சாக்கோடு மனைவி பூங்குழலி மல்லாந்து கிடக்கிறாள். கொட்டகைக்கு வெளியே கோட்டை மலைப் பாறைகள் வெயிலில் காய்கின்றன. வெல்டிங் குச்சி பட்டதும் பழைய தகரம் உருகி இன்னொரு பொத்தல் விழுகிறது. அதன் வழியே அவள் கண் தெரிகிறது. “யோவ், அடைக்கச் சொன்னா தொறக்கிறியே!” “மூஞ்சியத் திருப்பிக்கோ, பொறி விழும்.” “இரு. பெட்ரோல் நாத்தம் அடிக்குது. டேங்க்கக் காலி பண்ணியா இல்லியா?” காலி செய்யவில்லை என்பது அப்போதுதான் நினைவு வர, அவன் குச்சியைச் சட்டென்று மேலே தூக்குகிறான். குச்சியில் இன்னும் கரண்ட் இருக்கிறது. சுற்றிலும் இரும்பு, எதில் பட்டாலும் பொறி பறக்கும். சுவிட்ச் கொட்டகைச் சுவரில் இருக்கிறது. குச்சியை அந்தரத்தில் பிடித்தபடி உறைந்திருக்கிறான். “கீழ வெச்சிடாத. நானே போயி நிறுத்துறேன்.” அவள் முதுகு மண்ணில் உரசி நகரும் சத்தம் கேட்கிறது. அவன் இன்னொரு கையால் தன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறான்.