பட்டர்ஃப்ளைதான் நீந்துவேன்

"பிள்ளை பெத்து முழுசா ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள பட்டர்ஃப்ளை கேக்குதா உனக்கு?" தங்கையின் தலையில் நீச்சல் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டே அக்கா பொரிந்து தள்ளினாள்.

"மெதுவாக்கா, முடியப் பிடுங்காத."

"சின்ன வயசுலேர்ந்து மாட்டிவிடறேன். ஒரு நாளாவது தலைய ஆட்டாம நின்னிருக்கியாடி?"

விசில் மாஸ்டர் வந்து சேர்ந்தார். குளத்தின் பயிற்சியாளர். கழுத்தில் தொங்கும் விசிலைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

"முதல் மூணு பேருக்குத்தாம்மா அணியில இடம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, ஃப்ரீஸ்டைலுக்கு மாறிக்கோ. நாலுலயும் அதுதான் லேசு. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்னா தவளை மாதிரி நிதானமாப் போகலாம். பேக்ஸ்ட்ரோக்ல மூச்சுக்குத் திண்டாட்டம் இல்ல. பட்டர்ஃப்ளை ஆளையே பிழிஞ்சு காயப்போட்டுடும். வாட்டசாட்டமான பசங்களே பாதியில நாக்குத் தள்ளி நிக்கறாங்க."

"லேசு உங்களுக்கு மாஸ்டர். கைய மாத்தி மாத்திப் போடற ஃப்ரீஸ்டைல்தான் எனக்கு எமன். நேராப் போறதா நினைச்சுக்கிட்டுப் பக்கத்து லேன் கயித்துல போய் முட்டுவேன். பட்டர்ஃப்ளை இடுப்புல இருக்கு. பிள்ளையத் தூக்கித் தூக்கி என் இடுப்பு இரும்பாயிடுச்சு."

"பாதியில நின்னுட்டா?"

"அடுத்த தடவையும் இதையேதான் நீந்துவேன்."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அவர் கோபம் அவளுக்குப் புதிதில்லை. மூன்று வருடமாக அந்த அணிக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கியவள் அவள். இந்த முறை பாட்டிலை வேறு யாராவது தூக்கட்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதியதும் பாய்ந்தாள். இடுப்பு வளைந்து நெளிய, இரண்டு கால்களும் சேர்ந்து தண்ணீரை ஓங்கி அறைந்தன. பாதி தூரத்தில் ஐந்தாவதாக இருந்தாள்.

பிடிவாதக்காரிக்கு மூச்சு முட்டினால் பிடிவாதம் இன்னும் கூடும் போலிருக்கிறது. ஒருத்தியைத் தாண்டினாள். கடைசி வீச்சில் இன்னொருத்தியையும் மயிரிழையில் முந்திச் சுவரைத் தொட்டாள்.

"மூணாவது! மூணாவதுடி!" கரையோரமாகவே ஓடிவந்த அக்கா குதித்தாள்.

எதிர்க்கரையில் இருந்த நடுவர் சட்டென்று கையை உயர்த்தினார். வெளியூர்க்காரர், போட்டி தொடங்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். வந்ததிலிருந்து சுவரைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர்.

"இந்த லேன் தகுதி நீக்கம்!"

கழுத்தளவு தண்ணீரில் இரைக்க இரைக்க நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சார்?"

"பட்டர்ஃப்ளைல ரெண்டு கையும் ஒண்ணா சுவரத் தொடணும். உங்களுக்கு ஒரு கைதான் பட்டுச்சு. என் கண்ணால பாத்தேன்."

அக்கா வாயைத் திறந்தாள். "நீ சும்மா இருக்கா" என்று தங்கை அடக்கிவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. தூக்கிய பாட்டில் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"சட்டம் எனக்கும் தெரியும் சார். அது பிரகாரம்தான் தொட்டேன்."

"என்கிட்டயே சட்டம் பேசறீங்களா? அப்போ இன்னொரு கைய எங்க வெச்சிருந்தீங்க?"

அவள் படியேறி மேலே வந்தாள். அவருக்கு நேர் எதிரே, தோளை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

"இருக்கற கையெல்லாம் தொட்டுச்சு சார்."