ஊமைக் கட்டை

“இந்தக் கட்டை செத்துப்போச்சு. பக்கத்துல ரெண்டும்கூட இழுத்துக்கிட்டுதான் கிடக்கு. உன் கையில இது எப்படிடா தப்பிச்சது?”

பியானோக்காரர் சுண்டுவிரலால் வலது கோடியில் இருந்த கடைசிக் கட்டையை அழுத்திக் காட்டினார். டக். மரத்தில் மரம் இடிக்கும் சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மச்சான் குனிந்து அந்தக் கட்டையைப் பார்த்தார்.

மனைவியின் தம்பி அவர். பியானோக்களைப் பழுது பார்த்துச் சுருதி சேர்ப்பது தொழில். அவருக்கு முன்னால் வந்த ஆட்களையெல்லாம் பியானோக்காரர் விரட்டியிருந்தார். வேலை தெரியாதவர்கள் இல்லை அவர்கள். ஆனால் ஒரு தந்தி மயிரிழை இறங்கியிருந்தாலும் இந்த மனிதரிடம் தப்ப முடியாது. பியானோவுக்குள் ஈ உட்கார்ந்தால்கூட எந்தத் தந்தியில் என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய ஜாஸ் குழுவில் கேலி பேசுவார்கள். கேலி பாதி, பயம் பாதி.

பியானோக்காரருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கண்ணுக்குப் பதிலாகக் கடவுள் காதைக் கொடுத்திருக்கிறார் என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கடவுளா வந்து இத்தனை வருஷம் உட்கார்ந்து பழகினார் என்று கேட்டுவிடுவார்.

மேடையில் மற்றவர்கள் கண்ணைக் காட்டி, தலையை ஆட்டிப் பேசிக்கொள்வார்கள். இவருக்கு அது உதவாது. சாக்ஸபோன்காரர் மூச்சை இழுக்கும் சத்தத்தை வைத்தே அடுத்த பகுதி எங்கே தொடங்கப்போகிறது என்று பிடித்துவிடுவார். அடுத்தவர் பெயர் போட்ட குழுக்களில் இவ்வளவு காலம் அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

நாளை பதிவாகப்போவது அவருடைய பெயரில் வரும் முதல் இசைத்தட்டு.

ஒலிப்பதிவுக்காரர்கள் மைக்குகளோடு வீட்டுக்கே வருகிறார்கள். என் பியானோவைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றது அவர்தான்.

எங்கெங்கோ சுற்றி எவ்வளவு நேரம் வாசித்தாலும் அவர் முடிப்பது இந்தக் கடைசிக் கட்டையில். ஒரே தொடுதல். அது கேட்டதும் குழு மொத்தமும் கையை எடுத்துவிடும். கேட்காவிட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள்.

“பேசாம நிக்காதே. நீயே அடிச்சுப் பாரு.”

மச்சான் அடித்தார். டக். இன்னொரு முறை. டக். பிறகு பலமாக.

பக்கத்துக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கடைசிக்கே வந்தார். டக், டக், டக். நிதானமான ஆள் இப்படிப் போட்டு அடித்துப் பியானோக்காரர் கேட்டதில்லை. தப்பு மாட்டிக்கொண்டால் யார் கைதான் நிதானமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ குஷிதான். மச்சான் கோட்டைவிட்டதை அவர் காது பிடித்துவிட்டது.

கடைசியில் மச்சான் வாயைத் திறந்தார்.

“ஆமா அத்தான். உள்ள சுத்தியல் உடைஞ்சிருக்கு. தந்தியில போய்ப் படவே இல்ல. என் தப்புதான்.”

“அப்படி வா வழிக்கு,” என்று சிரித்துக்கொண்டே மச்சானின் முதுகில் தட்டினார். சட்டை வேர்த்து நனைந்திருந்தது.

அடுத்த அறையில் இஸ்திரிப்பெட்டியை ணங்கென்று வைக்கும் சத்தம். இசைத்தட்டின் அட்டைப் படத்துக்காக அவருடைய கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“டேய் தம்பி, அந்தக் கடைசிக் கட்டையை எத்தனை தடவடா அடிப்பே? கிணிங் கிணிங்னு ஊசி மாதிரி காதுல ஏறுது.”

மச்சான் அசையவில்லை.

பியானோக்காரர் அவர் முதுகிலிருந்து கையை எடுத்தார். கடைசிக் கட்டையைத் தேடி, மெதுவாக அழுத்தினார்.

டக்.

விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். முதல் முதலாக மேடை ஏறிய அன்றுகூட அவருக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

பிறகு, உள்ளே இருப்பவளுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார்.

“சுத்தியலைச் சீக்கிரம் மாத்திடுடா. நாளைக்கு எல்லாரும் வந்துடுவாங்க.”

“சரி அத்தான்.”

மச்சான் கருவிப்பெட்டியைத் திறந்தார். ஒன்றுமே உடையாத பியானோவின் முன்பலகையைக் கழற்ற ஆரம்பித்தார்.