பேர் சொல்லி

ஒரே ஒரு பெயரைக் கத்தி, மேலே இருந்த இரண்டு தடியன்களோடு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளைக் குப்புறக் கவிழ்த்தாள் அவள்.

அறுபத்தேழு வயதில். கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு.

நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு.

பின்னால் வந்த வண்டிச் சத்தம் மெதுவானது.

பகல் மூன்று மணி. மாதாந்திர மின்தடை நாள். எந்த வீட்டிலும் ஒரு மின்விசிறிகூட முனகவில்லை. தெருவில் நாய்கூட இல்லை.

அவள் நடையைக் கூட்டினாள். சத்தமும் கூட்டியது.

குறைத்தாள். அதுவும் குறைத்தது.

வீட்டுக்கு இன்னும் பத்து எட்டுதான். மாடி ஜன்னல் தெரிந்தது. திரை ஒரு சாண் விலகியிருந்தது.

அப்போது கழுத்தில் அந்தக் கை விழுந்தது.

கையா அது? உலக்கை.

தாலிக்கொடியோடு அவளையும் சேர்த்து இழுத்தது.

மகளிர் மன்றத்தில் ஆறு சனிக்கிழமை கற்ற தற்காப்பு அத்தனையும் அந்த நொடியில் ஆவியாகிப் போனது. முழங்கையால் எங்கே இடிப்பது? தெரியவில்லை. பிடித்த விரலை எந்தப் பக்கம் மடக்குவது? நினைவில்லை. முழங்காலோ போன வருடமே ராஜினாமா கொடுத்துவிட்டது.

பர்வீன் டீச்சர் சொன்ன ஒன்று மட்டும் மிச்சம்.

"ஐயோன்னு கத்துனா, வேற யாராவது போவாங்கன்னு எல்லாரும் இருந்துடுவாங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. பேர் சொன்னா அந்த ஆளு வந்துதான் ஆகணும்."

வகுப்பில் ஆளுக்கொரு பெயரைக் கத்தினார்கள். அவள் முறை வந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள்.

எழுந்த சிரிப்பில் மன்றத்தின் தகரக் கூரை இரண்டு அங்குலம் எழும்பி உட்கார்ந்தது.

"ஏங்கன்னா ஊர்ல பாதி ஆம்பளைங்க திரும்பிப் பார்ப்பாங்கம்மா!"

என்ன செய்ய? நாற்பத்து நான்கு வருடத்தில் வீட்டுக்காரர் பெயர் அவள் உதட்டைத் தாண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் சுவரில் தொங்கும் பெருமாள் காலண்டரைக் காட்டுவாள். சீட்டு எழுதுகிற பெண் வெங்கடேசனா, சீனிவாசனா என்று பெருமாளின் ஆயிரம் பெயரையும் சொல்லிப் பார்ப்பாள். கடைசியில் இவளே பேனாவை வாங்கி எழுதிக் கொடுப்பாள்.

வகுப்பில் சேர்ந்த அன்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ உனக்கு எதுக்குடி தற்காப்பு?"

கொடி கழுத்தை அறுத்தது. கால் தரையில் பாவவில்லை.

ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆதிமூலம்!"

காகங்கள் எழும்பி அடுத்த தாலுகாவில் போய் இறங்கின.

ஆதிமூலம் என்கிற பயில்வான் எந்தப் பக்கமிருந்து பாயப்போகிறான் என்று வண்டி ஓட்டியவன் மிரண்டு திரும்பினான். வண்டி நேராக ஜல்லிக் குவியலில் ஏறியது. ஏறிய வேகத்தில் கவிழ்ந்தது.

கழுத்திலிருந்து கை விட்டுப்போனது.

"ஆதிமூலம்! ஆதிமூலம்!"

நொண்டிக்கொண்டே வண்டியை நிமிர்த்தினார்கள். ஓடிப்போனார்கள்.

யாரும் வரவில்லை.

கீரை தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது. அவள் கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் எதிர்வீட்டு விசாலம் கதவைத் திறந்தாள்.

"பெருமாளைக் கூப்பிடுறீங்கன்னுல்ல நெனச்சேன், அக்கா! நானும் உள்ள இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டேன்."

பிறகு தெருவே கூடியது. அதற்கும் பிறகு மாடியிலிருந்து அவர் இறங்கி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

"ஆபத்துல ஆதிமூலமேன்னா, பெருமாள் வராம இருப்பாரா?"

அவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். மறுநாள் கோயிலுக்குத் துளசி மாலையும் அவரே வாங்கிவந்தார்.

"நான் பெருமாளைக் கூப்பிடல."

"பின்ன?"

"உங்களை."

"நீயா? என் பேரையா? போடி, கேட்டா ஊரே சிரிக்கும்."

"உங்களுக்குக் கேக்கலையா?"

"டிவி சத்தத்துல எங்க கேக்கும்?"

மின்தடையைப் பற்றி அவள் பேசவில்லை.

அதன் பிறகு அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு 'ஏங்க'கூட இல்லை. தட்டை வைத்தாள். தம்ளரை வைத்தாள். நகர்ந்துபோனாள்.

அவர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தார்.

நாலாம் நாள் சாயங்காலம். கழுத்துக் காயத்துக்குக் களிம்பு போடக் கண்ணாடி முன் உட்கார்ந்தாள். பின்பக்கம் எட்டவில்லை.

அவர் வந்து குழாயை வாங்கிக்கொண்டார்.

களிம்பு காதுவரைக்கும் போனது.

கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை. குனிந்திருந்தார். குரல் மட்டும் வந்தது.

"என்னைத்தான் கூப்பிட்ட."

குழாயின் மூடியைத் திருகிவிட்டு,

"மூணு தடவை."